தைலம் பூசியவனும் ஃபயர்வோல் பிரதியும்

என் மடத்தனத்தை முதலில் நானே சொல்லிவிடுகிறேன். மற்றவர்கள் சொன்னால் கூட்டிச் சொல்வார்கள். ஹட்டனில் எங்கள் தோட்டக் கம்பனியின் பிராந்திய அலுவலகத்தில், வெள்ளிக்கிழமை தோறும் நெற்றியில் விபூதியும் சட்டைப் பையில் பேனையுமாக உட்கார்ந்து, பல மாதங்கள் நான் வெறுமையைச் சேமித்து வைத்தேன். தத்துவ வெறுமை அல்ல. பெயர் இருக்கும், தேதி இருக்கும், திறந்தால் உள்ளே ஓர் எழுத்துக்கூட இருக்காது. அப்படிப்பட்ட கோப்புகளை வரிசையாக அடுக்கி, அடுக்கியதைத் தள்ளி நின்று பார்த்துச் சந்தோஷப்பட்டு, கன்டீனுக்குத் தேத்தண்ணி குடிக்கப் போய்விடுவேன்.

இதை இப்போது எழுத வேண்டி வந்தது பழைய அலுவலகத்துப் பிள்ளைகளால். போன மாதம் அந்தப் பக்கம் போனபோது பிடித்து உட்கார வைத்தார்கள். "ஃபயர்வோல் பேக்கப் எல்லாம் யாரு எடுக்கிறா?" என்று பெரிய மனிதத் தோரணையில் கேட்டேன். "அதெல்லாம் தானாப் போயிரும் அங்கிள்" என்றாள் ஒருத்தி. எங்கே போகும் என்று கேட்டேன். மேலே கையைக் காட்டினாள். நானும் அண்ணாந்து பார்த்தேன். கூரையில் ஒரு பல்லி இருந்தது. "உங்க காலத்துல எப்படிப் போச்சு?" என்றாள். ஓட்டோவில் போயிற்று என்றேன். சிரித்தார்கள். நான் பகிடிக்குச் சொல்லவில்லை. அதனால்தான் இந்தக் கட்டுரை.

விஷயம் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. துரை, அதாவது தோட்ட மேலாளர், இருக்கும் பங்களாவின் கேட்டில் ஒரு வாச்சர் நிற்பார். யாரை உள்ளே விடலாம், யாரைத் திருப்பி அனுப்ப வேண்டும், பால்காரருக்கு எந்த வழி, துரையின் மச்சானுக்கு எந்த வழி எல்லாம் அவர் தலைக்குள் இருக்கும். ஃபயர்வோல் என்பது அப்படியொரு வாச்சர். பீடி குடிக்காது, அவ்வளவுதான் வித்தியாசம். எங்கள் தோட்டங்களின் கணினிகள் கொழும்புத் தலைமை அலுவலகத்தோடு பேசுவதென்றால் ஹட்டனில் இருந்த அந்தப் பெட்டியைத் தாண்டித்தான் பேச வேண்டும். அதன் தலைக்குள் இருப்பதைத்தான் கொன்ஃபிகரேஷன் என்போம். வாச்சர் செத்துப்போனால் அன்றைக்கே புது வாச்சரை நிறுத்திவிடலாம். ஆனால் அவருக்குத் துரையையே தெரியாது. துரையையும் வெளியில் நிறுத்திவிடுவார். பழைய வாச்சரின் தலையில் இருந்ததை முன்கூட்டியே பிரதியெடுத்து வேறொரு கணினியில் வைத்திருந்தால், புதியவரின் தலைக்குள் அதை ஊற்றிவிடலாம். பிரதிகளை வாங்கி வைத்துக்கொள்ளும் அந்தக் கணினியை நாங்கள் சேவர் என்போம்.

நான் பிறந்தது நோர்வூட் பக்கத்துத் தோட்டத் தொழிலாளர் லயமொன்றில். உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுத் தோட்ட ஒஃபிசில் சின்னக் கிளாக்கராகச் சேர்ந்தேன். தொண்ணூறுகளின் நடுவில் அங்கே முதல் கணினி வந்து இறங்கியபோது பெரிய கிளாக்கர் அதன்மேல் ஒரு மேசைவிரிப்பைப் போட்டு மூடி, "நீங்க எளசு, நீங்க பாத்துக்குங்க" என்றார். என் கணினிக் கல்வி அந்த மேசைவிரிப்பைத் தூக்கியதில் ஆரம்பித்தது. பிறகு கண்டியில் வார இறுதி வகுப்பு. அங்கே கற்றது பாதி. பஸ்ஸில் நின்றபடியே தூங்கக் கற்றது மீதி. இரண்டாயிரம் பிறந்து சில வருடங்களில் ஹட்டனுக்கு மாற்றம் கிடைத்தது. குகதாசன் சேர் கிடைத்ததும் அப்போதுதான்.

சேர் யாழ்ப்பாணத்தவர். எங்கள் கணினிப் பிரிவின் பொறுப்பாளர். பிரிவு என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். அவர், நான், ஒரு மின்விசிறி. முழுக்கைச் சட்டை, மடிப்புக் கலையாத குடை, தாழ்ந்த குரல். அவர் கோபப்பட்டு நான் பார்த்ததே இல்லை. கேள்வி கேட்பார். அதற்குக் கோபமே பரவாயில்லை.

வெறுமை வெளிப்பட்ட நாளில் இப்படித்தான் தொடங்கினார்.

"ஐசே, நீர் பிரதி எடுத்தனீரோ?"

"வாராவாரம் எடுக்கிறேன் சேர்."

"வாசிச்சனீரோ?"

"எதை சேர்?"

"எடுத்ததை."

"அது மெஷின் வாசிக்கிறதுங்களே சேர். நாம எதுக்கு வாசிக்கணும்?"

"ஒண்டைத் திறவும் பாப்பம்."

திறந்தேன். வெள்ளை. அடுத்ததைத் திறக்கச் சொன்னார். அதுவும் வெள்ளை. நான் வேகமாக ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டே போனேன், எங்காவது ஓர் எழுத்தாவது மாட்டாதா என்று. சேர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"நுவரெலியாப் பக்கம் போல. ஒரே பனி."

நடந்தது இதுதான். சேவரில் இடம் நிறைந்து போயிருந்தது. பெட்டி முதலில் கோப்புக்குப் பெயர் வைக்கும், பிறகு உள்ளே எழுதப் போகும், இடமில்லை என்று திரும்பி வந்து அதையும் ஒரு வரியில் சொல்லும். நான் பெயரைப் பார்த்ததும் எழும்பிவிடுவேன். பிள்ளைக்குப் பெயர் வைக்கப் போய், தொட்டிலில் பிள்ளை இருக்கிறதா என்று பார்க்காமல் பாயாசம் குடித்துவிட்டு வந்தவன் கதை.

அன்றைக்குப் பிறகு ஒரு நடைமுறை வந்தது. அதைச் சேர் எனக்கு ஒருமுறைதான் சொன்னார், ஆனால் ஒவ்வொரு வெள்ளியும் பின்னால் நின்று பார்த்தார். முதலில், பெட்டியில் செய்த மாற்றங்களைப் பெட்டியின் சொந்த நினைவிலேயே எழுத வேண்டும். இல்லாவிட்டால் மின்சாரம் போனதும் அது எல்லாவற்றையும் மறந்து பச்சைப் பிள்ளையாக எழும்பும். அடுத்தது, சேவரின் முகவரியைக் கொடுத்துப் பிரதியை அனுப்ப வேண்டும். பெட்டியின் பெயரும் அன்றைய தேதியும்தான் கோப்பின் பெயர். 'புதியது', 'மிகப் புதியது', 'இதுதான் சரி' என்று நான் வைத்திருந்த பெயர்களுக்கெல்லாம் தடை. அனுப்பிய பின் வந்த செய்தியை முழுதாக வாசிக்க வேண்டும். பிறகு சேவருக்குப் போய், கோப்பைத் திறந்து, முதல் வரியையும் கடைசி வரியையும் வாய்விட்டு வாசிக்க வேண்டும். முதல் வரியில் பெட்டியின் பெயர். கடைசி வரியில் 'எண்ட்' என்ற சொல். இடையில் அறுந்திருந்தால் அந்த எண்ட் வராது. நான் பள்ளிப் பிள்ளை மாதிரி "எண்ட், சேர்" என்று சொன்ன பிறகுதான் அவர் தன் மேசைக்குத் திரும்புவார்.

அதோடு விட்டாரா என்றால், இல்லை. ஒரு நாள் சேவரைப் பார்த்து, பிறகு கூரையைப் பார்த்து, "ரெண்டும் ஒரு கூரைக்குக் கீழ இருந்தால் அது பிரதி இல்லை ஐசே" என்றார். "கூரை பறந்தால் ரெண்டும் சேந்து பறக்கும்." அப்படியாகத்தான் சேவர் ஹட்டனை விட்டு, நோர்வூட் வீதியில் எங்கள் கம்பனித் தோட்டமொன்றின் தேயிலைத் தொழிற்சாலைக்குக் குடிபோனது. அங்கே ஜெனரேட்டர் உண்டு. ஹட்டன் பெட்டிக்கும் அந்தத் தொழிற்சாலைக்கும் இடையில் மலைமேல் வைத்த ஏரியல் வழியாக ரேடியோத் தொடர்பும் உண்டு.

தொழிற்சாலையில் எங்கே வைப்பது? அதன் ஒஃபிஸ் சுவரில் தண்ணீர் ஊறி, பாசி படம் வரைந்திருந்தது. ஈரம் அண்டாத இடம் ஒன்றே ஒன்று. காய்ந்து தரம் பிரித்த தேயிலையைப் பைகளில் அடைக்கும் பேக்கிங் ரூம். அங்கே ஈரம் வந்தால் தேயிலை கெட்டுவிடும் என்பதால் மரத்தளம், இறுக்கமான கதவுகள், கம்பி வலை போட்ட யன்னல். துரை சரி என்றார். ஆனால் தொழிற்சாலைக்குள் துரைக்கும் மேல் ஒருவர் இருந்தார். டீமேக்கர் மாணிக்கவேல் ஐயா.

டீமேக்கர் என்றால் கொழுந்து உள்ளே வந்ததிலிருந்து தேயிலையாக வெளியே போகும் வரை எல்லாவற்றுக்கும் பொறுப்பு. ஐயாவுக்கு இரண்டு கண்கள் இருந்தன என்பது உண்மைதான், ஆனால் அவர் உலகத்தைப் பார்த்தது மூக்கால். சேவரைத் தூக்கிக்கொண்டு போன அன்று முதலில் அதை முகர்ந்து பார்த்தார். பின்பக்கம், பக்கவாடு, வயர் எல்லாவற்றையும். பிளாஸ்டிக் நாற்றம் போகும்வரை வெளி விறாந்தையில் ஒரு கிழமை காய வைத்த பிறகுதான் உள்ளே விட்டார்.

"தேயில பெரிய கள்ளன் தம்பி" என்றார். "பக்கத்துல எது இருந்தாலும் அதோட வாசத்தக் களவெடுத்துக்கும். ஒரு தோடம்பழத்த ஒரிச்சிட்டு உள்ள வந்தீங்கன்னு வைங்க, ரூமு பூராவும் தோடம்பழம் ஏறிரும். கொழும்புல ருசி பாக்கிறவன் ஒரு மடக்குக் குடிச்சிட்டுத் துப்பிருவான்."

அதனால் உள்ளே போகிறவருக்குச் சப்பாத்து இல்லை, வெற்றிலை இல்லை, தலைக்கு வாசனை எண்ணெய் இல்லை. மாதம் ஒருமுறை சேவரைத் துடைக்கப் போகும்போது அவர் என் தோளருகில் குனிந்து ஒரு மூச்சு இழுப்பார். அந்தப் பரீட்சையில் நான் சித்தி பெற்றால் தலையசைப்பார்.

இனி அந்த நாளுக்கு வருகிறேன்.

தலைமை அலுவலகத்தில் ஒரு யோசனை ஓடிக்கொண்டிருந்தது: தோட்டப் பகுதிகளில் தனித்தனியாகக் கணினி ஆட்கள் எதற்கு, எல்லோரையும் கொழும்புக்கு எடுத்துவிட்டால் என்ன. முடிவெடுக்கும் முன் நேரில் பார்த்து வர ஜயவீர என்ற மேலாளர் ஹட்டனுக்கு வருவதாகச் செய்தி வந்தது. மனுஷன் போகிற இடமெல்லாம் ஒரே கேள்விதான் கேட்கிறாராம்: பெட்டி செத்தால் எவ்வளவு நேரத்தில் எழும்புவீர்கள்?

எனக்குக் கொழும்பு ஒத்துவராது. அது மறுபடியும் சண்டை மூண்டிருந்த காலம். அங்கே வாடகைக்கு அறை கேட்டுப் போனால், தமிழ்ப் பெயரைச் சொன்னதும் வீட்டுக்காரரின் முகம் மாறும். பொலிஸ் பதிவு, சோதனைச் சாவடி, அடையாள அட்டையை நெஞ்சோடு வைத்துக்கொண்டு தூங்குவது. என் மனைவி செல்வி நோர்வூட் பக்கத்துத் தோட்டப் பாடசாலையொன்றில் ஆசிரியை. அவளுக்கு மாற்றம் எடுப்பதென்றால் தலைகீழாக நிற்க வேண்டும். நான் தனியாகப் போனால் பிள்ளைகள் மாதம் ஒருமுறை அப்பாவைப் பார்க்கும். குடும்பத்தோடு போனால் அவளுடைய வேலை போகும். செல்வி இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை, மழைக்கு வழக்கமாக இறக்கும் விறகை மட்டும் அந்த வருடம் இறக்க விடவில்லை. அவள் பேசினால் எனக்குப் பயமில்லை. பேசாமல் இருந்தால்தான் பயம்.

ஜயவீர மஹத்தயா, அதாவது சிங்களத்தில் ஜயவீர ஐயா, வரும் நாள் காலையில் எனக்குச் சரியான தடிமல். செல்வி நெஞ்சிலும் முதுகிலும் நுவரெலியா யூக்கலிப்டஸ் தைலத்தைத் தேய்த்து, மூக்கைத் துடைக்கும் கைலேஞ்சியிலும் ஊற்றித் தந்தாள். "பெரிய மனுசர் முன்னால தும்மிக்கிட்டு நிக்காதீங்க." பெரிய மனிதர் முன்னால் தைலம் நாறலாமா என்று, மச்சான் டுபாயிலிருந்து கொண்டுவந்த சென்டை அதன்மேல் நானே தாராளமாக அடித்துக்கொண்டேன். பஸ்ஸில் எனக்கு இரண்டு பேர் இருக்கும் ஆசனம் முழுதாகக் கிடைத்தது. மரியாதை என்று நினைத்தேன்.

மத்தியானத்துக்குச் சற்று முன் வானம் கறுத்தது. ஐப்பசி மாதத்து வானம் அப்படித்தான். முதல் உறுமலிலேயே மின்சார வயர்களைப் பிடுங்கிவிடுவது மலைநாட்டில் எல்லா ஒஃபிசிலும் வழக்கம். நானும் பாய்ந்து பாய்ந்து எல்லாவற்றையும் பிடுங்கினேன். மின்னல் மின்சார வயரில் வரவில்லை. ஏரியல் வயரில் வந்தது. ஒரு வெளிச்சம், பட்டாசுக் கட்டுக்குத் தீ வைத்த மாதிரி ஒரு சத்தம். பெட்டியிலிருந்து ஊதுபத்தி அளவுக்குப் புகை கிளம்பியது. வாச்சர் காலமானார்.

"சேர்" என்றேன். 

சேர் குனிந்து பெட்டியைப் பார்த்தார். விரலால் தொட்டுப் பார்த்தார். "போட்டுது" என்றார். அலுமாரியைத் திறந்து, உறை பிரிக்காத மாற்றுப் பெட்டியை எடுத்து மேசையில் வைத்தார். செத்ததை ஒரு பத்திரிகைத் தாளால் மூடினார். எல்லாம் பூசை செய்கிறவரைப் போல நிதானமாக.

"தொழிற்சாலைக்குப் போய்ப் பிரதியை எடுத்துக்கொண்டு வாரும். பெட்டி இல்லாமல் இங்கையிருந்து எடுக்கேலாது." பிரதியை ஏற்றிவர மூன்று ஃப்ளொப்பித் தட்டுகளை என் கையில் வைத்தார்.

"ஒண்ணு போதும் சேர், சின்ன ஃபைல்தானே."

"ஒண்டு பழுதாகும். ஒண்டை நீர் துலைப்பீர். மற்றது வேணும்."

மழையில் ஓட்டோ பிடித்தேன். சாரதி பையன் கொஞ்ச தூரம் போனதும் பக்கத் திரையை விலக்கிவிட்டான். "நனையுதே தம்பி" என்றேன். "பரவால்லண்ணே, காத்து வரட்டும்" என்றான். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை பாருங்கள்.

தொழிற்சாலைக்குள் பாய்ந்து, சப்பாத்தைக் கழற்றி எறிந்துவிட்டு பேக்கிங் ரூம் கதவில் கை வைத்தேன்.

"நில்லுங்க."

மாணிக்கவேல் ஐயா பத்தடி தள்ளி நின்றார். மூக்கு மேலே போனது.

"ஐயா, அவசரம். ஹட்டன்ல பெட்டி எரிஞ்சிருச்சி. உள்ள இருக்கிற பிரதி வேணும்."

"நீங்க உள்ள போக ஏலாது."

"ஐயா, கொழும்புல இருந்து பெரியவர் வாறாரு. இது இல்லைன்னா எங்க பிரிவையே மூடிருவாங்க. நான் கொழும்புக்குப் போகணும்."

"அது வருத்தமான விசயந்தான்" என்றார் உண்மையான வருத்தத்தோடு. "ஆனா உள்ள இந்த வருசத்து நல்ல தேயில பேக் ஆவுது. ஒங்கள உள்ள விட்டா, அது தேயில இல்ல. தடிமலுக்குக் குடிக்கிற கசாயம்."

வெளியில் மலைத்தண்ணீர் விழும் பீலிக்கு ஓடினேன். தொழிற்சாலைச் சவுக்காரத்தைத் தேய்த்து, நெஞ்சும் முதுகும் எரிய எரியக் கழுவி, சட்டையில்லாமல் நடுங்கிக்கொண்டு வந்து நின்றேன். ஐயா ஒரு மூச்சு இழுத்தார். கண்ணை மூடி யோசித்தார்.

"இப்ப சவுக்காரமும் சேந்துக்கிச்சி."

எனக்கு அழுகை வந்தது. அந்த அழுகையிலும் யூக்கலிப்டஸ் மணத்தது. கடைசியில், "அப்ப நீங்களே போய் எடுத்துத் தாங்கய்யா. நான் யன்னல்ல நின்னு சொல்றேன்" என்றேன்.  அவர் அதுவரை அந்தக் கணினியில் முகர்வதைத் தவிர வேறொன்றும் செய்ததில்லை. பிறகு என்ன நினைத்தாரோ, ஒரு விரலை நனைத்து உயர்த்திக் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்தார்.

"அந்தப் பக்க யன்னலுக்குப் போங்க. இங்கிட்டு நின்னா காத்து உள்ள கொண்டாந்துரும்."

காற்றுக்குக் கீழ்ப்பக்கமாக, கம்பி வலைக்கு வெளியே, மழைத்தூறலில் நான். உள்ளே, வெள்ளை மேலங்கியோடு மாணிக்கவேல் ஐயா. சுற்றிலும் பை தைத்துக்கொண்டிருந்த பெண்கள், கை ஓடினாலும் காது முழுவதும் எங்களிடம்.

"பாஸ்வேர்ட் கேக்குதுங்க" என்றார் ஐயா.

இந்த இடத்தை விட்டுவிட்டுப் போகலாமா என்று யோசித்தேன். போகட்டும். பாஸ்வேர்டை வைத்தவன் நான். யாரும் கேட்கப் போவதில்லை என்ற துணிச்சலில் வைத்தது.

"அழகுராசா" என்றேன் மெதுவாக.

"மழைச் சத்தத்துல கேக்கல. சத்தமாச் சொல்லுங்க."

"அழகுராசா. இங்கிலீசு எழுத்துல. சேத்து எழுதணும்."

பை தைத்த ஊசிகள் எல்லாம் நின்றன. "யாருங்கய்யா அது அழகுராசா?" என்றாள் ஒருத்தி. ஐயா திரும்பாமலே, "அந்தா யன்னல்ல நனைஞ்சிக்கிட்டு நிக்கிறாரு, பாத்துக்கங்க" என்றார். அந்தச் சிரிப்பில் கொஞ்சம் தேயிலை சிந்தியிருக்கும்.

நான் ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னேன். ஐயா ஒற்றை விரலால், சல்லடையில் தேயிலை சரிபார்க்கும் கவனத்தோடு ஒவ்வொன்றாகத் தட்டினார். தட்டிய எல்லாவற்றையும் உரக்க வாசித்தார். திரையில் வந்ததையும் வாசித்தார். 'வெல்கம்' என்று வந்தபோது அதையும் வாசித்து, "யாருக்குங்க?" என்று கேட்டார். கடைசி வெள்ளிக்கிழமைத் தேதி போட்ட கோப்பைக் கண்டுபிடித்தோம். வலையின் ஓரத்து இடுக்கால் நான் நீட்டிய முதல் ஃப்ளொப்பியைத் துடைத்துப் போட்டார். கணினி முனகியது, பிறகு முடிந்தது என்றது.

"ஆச்சி தம்பி. கொண்டு போங்க."

மணிக்கட்டைப் பார்த்தேன். ஓடிவிடலாம் போலிருந்தது. ஆனால் பனி மூடிய அந்தக் கோப்புகள் கண்முன் வந்தன.

"ஐயா, அதைத் தெறந்து கடைசி வரிய வாசிச்சிருங்க."

தட்டினார். பார்த்தார். "வாசிக்க ஏலாதுன்னு சொல்லுது."

ஃப்ளொப்பி பழுது. இரண்டாவதைத் தேடினேன். தோளில் கிடந்த சட்டையின் பையில் இல்லை. கால்சட்டையின் பின்பக்கப் பையில் இருந்தது. ஓட்டோவில் அதன்மேல் உட்கார்ந்து வந்திருக்கிறேன். வாழைக்காய்ச் சிப்ஸ் போல வளைந்திருந்தது. மூன்றாவதை இடுக்கால் நீட்டியதும் ஐயா அதை வாங்கி முகர்ந்து, துணியால் நன்றாகத் துடைத்து, தூர வைத்து மறுபடி முகர்ந்து, பிறகுதான் உள்ளே போட்டார். சேர் சொன்ன கணக்கில் இனி இதுதான்.

முனகல். மௌனம். தட்டுகிற சத்தம்.

"மொத வரியில ஹட்டன்னு பேரு இருக்கு."

"கடைசி வரி?"

"கீழ போய்க்கிட்டே இருக்குதுங்க. இதென்னா இம்புட்டு எழுதி வச்சிருக்கீங்க. இருங்க. ஈ. என். டி."

வலையைப் பிடித்தபடி அப்படியே நெற்றியைச் சாய்த்துக்கொண்டேன். "சாயாதீங்க, வாசம் வரும்" என்றார் ஐயா.

ஹட்டனுக்கு நான் திரும்பும்போது வாசலில் கொழும்புக் கார் நின்றது. மனுஷன் முன்கூட்டியே வந்துவிட்டார். உள்ளே சேர் அவரை உட்கார வைத்து, எங்கள் நடைமுறையை ஆதியோடந்தமாக ஆங்கிலத்தில் விளக்கிக்கொண்டிருந்தார். கோப்புக்கு ஏன் தேதி போட வேண்டும் என்பதற்கே கால் மணித்தியாலம் எடுத்திருப்பார் என்று நினைக்கிறேன். செத்த பெட்டி பக்கத்து மேசையில் பத்திரிகைத் தாளுக்குக் கீழ் படுத்திருந்தது.

நான் ஈரத் தலையோடு, சட்டைப் பொத்தான் மாறிப் போட்டபடி உள்ளே நுழைந்தேன். ஜயவீர மஹத்தயா பேச்சை நிறுத்தினார். சுற்றுமுற்றும் பார்த்தார். "மொகக்த மே சுவந்த?" என்றார். இது என்ன வாசனை என்று கேட்கிறார். சேர் எனக்குக் கண்ணால் மாற்றுப் பெட்டியைக் காட்டினார்.

ஃப்ளொப்பியை மேசைக் கணினியில் போட்டேன். அதிலிருந்து பெட்டிக்கு வயரைச் செருகினேன். அவசரத்தில் முதல்முறை தவறான துளையில் செருகினேன். "மெல்ல" என்றார் சேர், எனக்கு மட்டும் கேட்கும்படி. பெட்டி கோப்பை இழுக்கத் தொடங்கியது. பின்னால் ஜயவீர மஹத்தயா தன் கேள்விக்கு வந்துவிட்டார்.

"எல்லாம் நல்லது மிஸ்டர் குகதாசன். சொல்லுங்கள், இந்தப் பெட்டி போய்விட்டால் எவ்வளவு நேரத்தில் எழும்புவீர்கள்?"

சேர் எழுந்து போய்ப் பத்திரிகைத் தாளைத் தூக்கினார். கருகிய மணம் வந்தது. என் தைலத்தை அது மட்டும்தான் வென்றது.

"அது மத்தியானம் போய்விட்டது சேர். நாங்கள் இப்போது எழும்பிக்கொண்டிருக்கிறோம்."

 நான் செய்தியைக் கடைசி எழுத்துவரை வாசித்தேன். பெட்டியை நிறுத்தி எழுப்பினேன். விளக்குகள் செம்மஞ்சளில் சிமிட்டி, யோசித்து, பச்சையாயின. திரையில் தோட்டங்கள் ஒவ்வொன்றாக உயிர்பெற்று வந்தன. பொகவந்தலாவைப் பக்கத்தது வந்தது, நோர்வூட் வந்தது, மஸ்கெலியா வந்தது. கந்தப்பளை வரவில்லை. காத்திருந்தோம். கந்தப்பளை வரவில்லை. ஜயவீர மஹத்தயா திரைக்குக் குனிந்து, "இது ஏன் இருட்டாக இருக்கிறது?" என்றார். என் கண்முன் கொழும்பு பஸ் புறப்பட்டது.

டெலிபோனை எடுத்துக் கந்தப்பளைத் தோட்டத்து ஒஃபிசைக் கூப்பிட்டேன். கிளாக்கர் எடுத்தார்.

"என்னாங்க, ஒங்க லைன் இன்னும் வரலையே."

"எப்படீங்க வரும்? இடி இடிக்குது, நாங்க எல்லாத்தையும் புடுங்கி வச்சிருக்கோம். நீங்கதானே புடுங்கச் சொல்லி மூணு தடவ வந்து சத்தம் போட்டீங்க."

"இப்ப போடுங்க."

"இடி நிக்கட்டுங்க."

"ஐயா, ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும், போடுங்க."

போட்டார். கந்தப்பளையும் பச்சை. ஜயவீர மஹத்தயா தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், கருகிய பெட்டியைப் பார்த்தார், கடைசியாக என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். கொழும்புப் பிரிவில் போன மாதம் இப்படியொன்று நடந்து இரண்டு நாள் படுத்துக் கிடந்ததாகச் சேரிடம் தணிந்த குரலில் சொன்னார். போகும்போது வாசலில் நின்று, "ஹரி, ஒயகொல்லோ மெஹே இன்ன" என்றார். சரி, நீங்கள் இங்கேயே இருங்கள். காரில் ஏறியதும் அவர் முதலில் செய்தது எல்லாக் கண்ணாடிகளையும் இறக்கியதுதான்.

சேர் உள்ளே போய்ப் புதுப் பெட்டியின் முன் உட்கார்ந்தார். ஒரு பாராட்டு வரும் என்று பக்கத்தில் நின்றேன். எதுவும் வரவில்லை. கொஞ்ச நேரத்தில் தன் பிளாஸ்கைத் திறந்து, மூடியில் தேத்தண்ணி ஊற்றி என் பக்கமாக நகர்த்தி வைத்தார். அவர் பிளாஸ்கை வேறு யாருக்கும் திறந்து நான் பார்த்ததில்லை.

நான் வீட்டுக்கு டெலிபோன் எடுத்தேன். செல்வி பாடசாலை விட்டு வந்திருந்தாள். நான் கதை சொல்லத் தெரிந்தவன் அல்லவா. மின்னலில் தொடங்கி, ஓட்டோ, பீலித் தண்ணீர், கந்தப்பளை எல்லாவற்றையும் ஏற்ற இறக்கத்தோடு சொன்னேன். அழகுராசாவை மட்டும் விட்டுவிட்டேன்.  கடைசியில் தொண்டையைச் செருமிக்கொண்டு, மேடையில் பரிசு அறிவிக்கிற குரலில் சொன்னேன்: "ஆகவே செல்வி, நாம கொழும்புக்குப் போகல. ஹட்டன்லயே இருக்கப் போறோம்."

மறுமுனையில் அடுப்படியில் சட்டியை மூடும் சத்தம் கேட்டது.

"அப்ப வரும்போது மழைக்கு வெறகு ஒரு லோடு சொல்லிட்டு வாங்க."